ஹோம்வொர்க்கில் 96, டெஸ்டில் 51. காலேஜ் அல்ஜீப்ராவில் எங்கே சறுக்குகிறேன்?

கரிசல்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. ஹூஸ்டன் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இந்த செமஸ்டர் காலேஜ் அல்ஜீப்ரா எடுத்திருக்கிறேன். டெக்சாஸில் இதற்கு மேத் 1314 என்று எண். எக்ஸ்-ரே டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு விண்ணப்பிக்க இதை முடித்திருக்க வேண்டும். அங்கே இடங்கள் குறைவு, கிரேடைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சி வாங்கினால் பாஸ்தான், ஆனால் வரிசையில் எங்கோ பின்னால் போய்விடுவேன். பி ஆவது வேண்டும்.

நான் உருப்படியாகக் கணக்குப் போட்டது 1999-ல். கோவில்பட்டிப் பக்கம் அரசு பெண்கள் பள்ளி, பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. 100-க்கு 83 வாங்கினேன். பிளஸ் ஒன்னில் வணிகவியல் குரூப், அப்புறம் பி.காம். அதில் பிசினஸ் மேத்ஸ் என்று ஒரு பேப்பர் வந்தது. கைடை உருப்போட்டுத் தாண்டினேன். அதோடு எக்ஸும் ஒய்யும் என்னை விட்டுப் போனார்கள், இருபது வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை, 75 நிமிடம். ஹோம்வொர்க் எல்லாம் கம்ப்யூட்டரில். ஒரு கணக்குக்கு மூன்று முயற்சி. மூன்றும் தப்பானால் அதே மாதிரி வேறு எண்களோடு இன்னொன்று தரும். பக்கத்திலேயே ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் அதே வகைக் கணக்கு ஒன்றைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும். பச்சை டிக் விழும்வரை நான் விடுவதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு ஆகும். நான்கு வாரத்துக்கு சராசரி 96. ‘இவ்வளவுதானா அமெரிக்கக் கணக்கு’ என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

போன வியாழன் முதல் டெஸ்ட். தாள், பென்சில், சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர், 18 கணக்கு. 51 வந்திருக்கிறது.

வெட்கத்தை விட்டு என் தப்புகளைச் சொல்கிறேன்.

√(எக்ஸ் + 6) = எக்ஸ் என்று ஒன்று. இருபக்கமும் வர்க்கப்படுத்தி, காரணிப்படுத்தி, 3, −2 என்று இரண்டு விடையும் எழுதினேன். பாதி மார்க்தான் கிடைத்தது. பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி.

−2எக்ஸ் < 8. எக்ஸ் < −4 என்று எழுதினேன். தப்பு.

மேலே எக்ஸ் + 6, கீழே 6. இரண்டு 6-ஐயும் அடித்துவிட்டு விடை எக்ஸ் என்றேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாசகக் கணக்கு ஒன்று: 40 கிலோ உப்புக் கரைசல், அதில் 10 சதவீதம் உப்பு. எவ்வளவு தண்ணீர் ஆவியானால் அது 16 சதவீதம் ஆகும்? அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். கடைசி நாலு கணக்குக்கு நேரமே இல்லை.

வகுப்பிலும் ஒரு மானக்கேடு. ஆசிரியர் கேட்டபோது ‘டூ இன்ட்டு எக்ஸ்’ என்றேன். அவர் பலகையில் எக்ஸின் கீழே 2 போட்டு வகுத்துவிட்டார். இல்லை இல்லை, இன்ட்டு என்றேன் மறுபடியும். அவரும் மறுபடியும் அதையே காட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மார்க் கணக்கு இது: ஹோம்வொர்க் 15 சதவீதம், நான்கு டெஸ்ட் தலா 15, ஃபைனல் 25. ஃபைனல் மார்க் கூடுதலாக இருந்தால் மிகக் குறைந்த டெஸ்ட் ஒன்றின் இடத்தில் அதையே போட்டுக்கொள்வார்களாம். டபிள்யூ (மார்க் இல்லாமல் பாடத்தை விட்டதற்கான குறி) வாங்கிக்கொண்டு விலகக் கடைசி நாள் இரண்டாவது டெஸ்டுக்கு ஒரு வாரம் கழித்து.

வீட்டுக்காரர் ‘விட்டுடு, அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்’ என்கிறார். எட்டாவது படிக்கும் மகன், நான் அவனிடம் தினமும் சொல்லும் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான்: ‘பிராக்டிஸ் பத்தலம்மா.’ விடலாமா, தொடரலாமா? 96-க்கும் 51-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

டல்லாஸ் பையன்

அக்கா, இந்தக் கோர்ஸே வேண்டாமே. காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வில் காலேஜ் அல்ஜீப்ரா இருக்கிறது. 90 நிமிடம், சுமார் 60 கேள்வி, 50 ஸ்கோர் வந்தால் நிறைய காலேஜ்கள் மூன்று கிரெடிட் தருகின்றன. இல்லாவிட்டால் மேத் 1342, புள்ளியியல். என் ரூம்மேட் அதை எடுத்து ஜாலியாக முடித்தான். எல்லாருக்கும் அல்ஜீப்ரா தேவையில்லை, அட்வைசரிடம் கேளுங்கள்.

கரிசல்காரி

கேட்டுவிட்டேன் தம்பி. எங்கள் புரோகிராமில் 1314 என்றே எழுதியிருக்கிறது, புள்ளியியல் செல்லாது. கிளெப்பில் கிரெடிட் கிடைக்கும், கிரேடு கிடைக்காது. என் வரிசைக்குக் கிரேடுதான் வேண்டும். இருந்தாலும் நன்றி, கிளெப் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

கணக்குப்புலி

சிம்பிள். தினமும் 100 கணக்கு. பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு நாம் எல்லாரும் அப்படித்தானே படித்தோம்? அமெரிக்கா வந்ததும் சோம்பேறி ஆகிவிட்டோம்.

காவிரிக்கரை

கரிசல்காரி, உங்கள் பதிவைப் படித்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய நான் எழுதியது மாதிரியே இருந்தது. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். சொந்த ஊர் கும்பகோணம். 39 வயதில் இந்தக் கோர்ஸ் எடுத்தேன். முதல் தடவை டி, இரண்டாம் தடவை ஏ. இரண்டுக்கும் நடுவில் எனக்கு மூளை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

முதலில் கொஞ்சம் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 96 உங்களுடையது இல்லை. பாதி அந்தப் பொத்தானுடையது.

எங்கள் அம்மா தீபாவளிக்கு அதிரசம் சுடுவதை இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பாகு எப்போது பதம் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். கல்யாணமாகி முதல் தீபாவளிக்குத் தனியாகச் சுட்டேன். எண்ணெய்ச் சட்டியில் போட்டது அப்படியே பிரிந்து மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் அம்மா கை இருந்தவரைக்கும் எனக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் அந்த மாதிரி கைதான். அது முதல் படியைக் காட்டும், நீங்கள் எண்ணை மாற்றிப் போடுவீர்கள், பச்சை டிக் விழும். டெஸ்டில் முதல் படியே நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். கடைசி நாலு கணக்குக்கு நேரம் போதவில்லை என்றீர்களே, கை மெதுவாக ஓடியதால் இருக்காது. ஒவ்வொரு கணக்கிலும் ‘எங்கே ஆரம்பிப்பது’ என்று இரண்டு நிமிடம் போயிருக்கும். எனக்கு அப்படித்தான் போனது.

இரண்டாம் தடவை நான் செய்ததைச் சொல்கிறேன். ஹோம்வொர்க்கைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்னால் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் போட்டேன். வராவிட்டால் பொத்தானை அமுக்கிப் பார்ப்பேன், தப்பே இல்லை. ஆனால் பார்த்த கணக்கின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவேன். மறுநாள் காலையில் நட்சத்திரக் கணக்குகளை மட்டும் வெள்ளைத் தாளில், நோட்டை மூடிவைத்துவிட்டு, திரும்பப் போடுவேன். வந்தால் நட்சத்திரத்தை அழிப்பேன். வராவிட்டால் அதற்கு அடுத்த நாள் மறுபடியும். ஆரம்பத்தில் பத்துக்கு ஏழு வராது. நேற்று ராத்திரி பச்சை டிக் வாங்கிய அதே கணக்கு, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது! எனக்கு அழுகை வந்தது. மகள் நீச்சல் வகுப்புக்குள் போனதும் காரிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். அந்த நோட்டில் இன்னும் குளோரின் வாசனை அடிக்கிறது.

ராத்திரி பத்து மணி வேண்டாம். முடிந்தால் காலை ஐந்துக்கு எழுந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மதியம் அரை மணி. மூன்று கிரெடிட் என்றால் வகுப்பு மூன்று மணி போக வெளியே ஆறு மணி நேரமாவது வாரத்துக்கு உழைக்க வேண்டும் என்பதுதான் இங்கே கிரெடிட்டின் அர்த்தமே. அந்த ஆறை இரண்டு ராத்திரியில் அடைக்கக் கூடாது.

இன்னொன்று. மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கியிருக்கும் ‘ஆபீஸ் அவர்ஸ்’ நேரத்துக்குப் போங்கள். ‘இன்ட்டு’ சம்பவத்துக்கு அப்புறம் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் போங்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்று போய் நின்றால் அவர் பாடத்தைத் திரும்ப நடத்துவார், நீங்கள் தலையாட்டுவீர்கள், வெளியே வந்ததும் காற்றில் போய்விடும். நான் வெறும் தாளோடு போய், ‘நான் போடுகிறேன், நீங்கள் பேசாமல் பாருங்கள், எங்கே தடம் மாறுகிறேனோ அங்கே மட்டும் நிறுத்துங்கள்’ என்றேன். அவருக்கு அது புதிதாக இருந்தது போல. நாலாவது வரியில் நிறுத்தினார். அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த மைனஸை உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்திருந்தேன். அந்த ஒரே பழக்கம் எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க மார்க்கைத் தின்றிருக்கிறது.

சரி, விடுவதா தொடர்வதா. உங்கள் எண்களை வைத்துப் பார்த்தேன். ஹோம்வொர்க் 95 என்று வைத்துக்கொண்டால் 14.25 கையில். முதல் டெஸ்டில் 7.65. பி-க்கு 80 வேண்டும், மீதி 58.1. பாக்கி இருக்கும் எடை 70. ஆக இனி எல்லாவற்றிலும் சராசரி 83. ஆனால் ஃபைனல் அந்த 51-ஐ விழுங்கிவிடும் என்றால் கதை வேறு: 65.75-ஐ 85-ஆல் வகுத்தால் 78-க்குக் கீழே. 78 எடுக்க முடியாதவரா நீங்கள்? எப்படியும் விலகும் தேதி இரண்டாவது டெஸ்டுக்குப் பின்னால்தான் வருகிறது. அதை எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வேலைக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று முதல் தடவை எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது போர்ட்டபிள் எக்ஸ்-ரே எடுக்கும்போது ஆறடியாவது தள்ளி நிற்கிறோம். மூன்றடியிலிருந்து ஆறடிக்கு நகர்ந்தால் நம் மேல் படும் கதிர் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். தூரத்தின் வர்க்கம் கீழே இருக்கிறது இல்லையா. புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், டி வாங்கிய நான்.

மூணாவது மேசை

நான் வேறொரு கம்யூனிட்டி காலேஜின் டியூட்டரிங் சென்டரில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன், இதே டெக்சாஸ்தான். மதுரைக்காரன். வாசலிலிருந்து மூன்றாவது மேசை என்னுடையது. காவிரிக்கரை சொன்னதற்கு மேல் பழக்கத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் தப்புகளைப் பார்ப்போம். எனக்கு இவை பழைய நண்பர்கள். வாரத்துக்கு முப்பது தடவை இந்த மேசைக்கு வருவார்கள், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் நோட்டில்.

√(எக்ஸ் + 6) = எக்ஸ். நீங்கள் செய்தது முழுக்கச் சரி, கடைசியில் ஒரு வரி பாக்கி. வர்க்கப்படுத்தும்போது வாசல் அகலமாகிவிடுகிறது, அழைக்காதவர்களும் உள்ளே வருவார்கள். −2-ஐ முதல் சமன்பாட்டில் போடுங்கள்: இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கம் −2. பொருந்தவில்லை, வெளியே. 3 மட்டும்தான் விடை. வர்க்கமூலம் இருக்கும் சமன்பாடு, பின்னத்தின் கீழே எக்ஸ் இருக்கும் சமன்பாடு, பின்னால் வரப்போகும் லாக் (மடக்கை) சமன்பாடு, இந்த மூன்றிலும் விடையை ஆரம்பத்துக்கு எடுத்துப் போய்ச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆசிரியருக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, அது கணக்கின் ஒரு பகுதி.

−2எக்ஸ் < 8. குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும், எக்ஸ் > −4. விதி மறந்துபோனால் 0-ஐப் போட்டுப் பாருங்கள். 0 < 8 உண்மை, அதனால் 0 விடைக்குள் இருக்க வேண்டும். உங்கள் விடையில் 0 இல்லை. ஐந்து விநாடி வேலை.

அந்த இரண்டு 6. எக்ஸ் 12 என்று வையுங்கள். 18-ஐ 6-ஆல் வகுத்தால் 3, ஆனால் உங்கள் விடை 12. பெருக்கலில் ஒட்டியிருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்பதை அடிக்க முடியாது. (எக்ஸ் + 3)²-ஐ எக்ஸ்² + 9 என்று எழுதுகிறவர்களும் இதே குடும்பம். நீங்கள் அதைச் செய்யவில்லை, கவனித்தேன். ‘ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்’ பாட்டு நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு இல்லை, பாவம்.

உப்புக் கணக்கு! தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர், உப்பளக் கணக்கை வெறும் தாளாக விட்டுவிட்டு வரலாமா? வெயிலில் தண்ணீர் போகும், உப்பு போகாது. முதலில் உப்பு எவ்வளவு? 40-ல் பத்து சதவீதம், 4 கிலோ. கடைசியிலும் 4 கிலோதான். போன தண்ணீர் எக்ஸ் என்றால் மிச்சக் கரைசல் 40 − எக்ஸ், அதில் 16 சதவீதம் 4-க்குச் சமம். அப்படியானால் 40 − எக்ஸ் = 25, எக்ஸ் = 15. வாசகக் கணக்கில் முதல் கேள்வி ‘எக்ஸ் எது’ என்பது இல்லை. ‘எது மாறாமல் இருக்கிறது’ என்று கேளுங்கள். பி.காம் படித்தவருக்கு இது தொடக்க இருப்பு, இறுதி இருப்பு மாதிரிதான்.

அடுத்து மொழி. ‘இன்ட்டு’ உங்கள் தப்பே இல்லை. நமக்கு இன்ட்டு என்றால் பெருக்கல். இவர்கள் ‘டூ இன்ட்டு சிக்ஸ்’ என்றால் ஆறுக்குள் இரண்டு எத்தனை முறை போகும் என்று கேட்கிறார்கள், வகுத்தல். ‘டைம்ஸ்’ என்று சொல்லுங்கள். நாம் ‘எக்ஸ் பை டூ’ என்போம், இவர்கள் ‘எக்ஸ் ஓவர் டூ’ என்பார்கள். நம் எச்.சி.எஃப் (மீப்பெரு பொதுக் காரணி) இங்கே ஜி.சி.எஃப். பின்னங்களுக்கு எல்.சி.எம் என்று நாம் சொல்வதை எல்.சி.டி என்பார்கள். இசட்டை ‘ஸீ’ என்பார்கள், வேகமாகச் சொன்னால் சி-யா என்று குழப்பும். எந்தச் செயலை முதலில் செய்வது என்று சொல்லும் போட்மாஸ் இங்கே பெம்டாஸ். இரண்டிலும் ஒரே பொறி: எழுத்து வரிசையை அப்படியே நம்பக் கூடாது. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி, இடமிருந்து வலம் போக வேண்டும். 8 − 3 + 2 என்பது 7. போட்மாஸில் ஏ முன்னால் வருகிறது என்று கூட்டலை முதலில் செய்தால் 3 வந்து நிற்கும். பெருக்கல், வகுத்தலுக்கும் அதுதான்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை. அடுத்த பாடம் ஃபங்ஷன்ஸ். டொமைன், ரேஞ்ச் என்று ஆசிரியர் அடுக்கும்போது பயந்துவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், தமிழ் வழி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாடமே உறவுகளும் சார்புகளும். சார்பு, மதிப்பகம், வீச்சகம். எதையெல்லாம் உள்ளே போடலாமோ அது மதிப்பகம், போட்டதால் வெளியே எதெல்லாம் வருமோ அது வீச்சகம். ஒருமுறை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். பயிற்சிக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் காலேஜ் அல்ஜீப்ரா பாடநூல் இலவசம், ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு மாதிரித் தேர்வு உண்டு.

கணக்குப்புலி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. 100 கணக்கு நல்லதுதான், ஆனால் ஒரே வகையில் 100 போட்டால் கை மட்டும்தான் பழகும். ஹோம்வொர்க்கில் 1.5-ஆம் பகுதி என்று தலைப்பிலேயே இருபடிச் சமன்பாடு என்று எழுதியிருக்கும், எந்த வழி என்று நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. டெஸ்டில் தலைப்பு இருக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நாலைந்து கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி, காலியான ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டுக் குலுக்குங்கள். தினமும் ஆறு சீட்டு, 25 நிமிடம், செல்போனில் மணி வைத்துக்கொண்டு. பாட்டிலை நன்றாகக் கழுவிவிடுங்கள். போன வருஷம் ஒரு மாணவி கொண்டுவந்த சீட்டெல்லாம் ஆவக்காய் வாசனை.

கடைசியாக டபிள்யூ. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இளங்கலை முடிக்கும்வரை மொத்தம் ஆறு பாடம்தான் இப்படி விட முடியும். ஒன்றை விட்டால் குடி முழுகிவிடாது, ஆனால் முதல் டெஸ்டுக்கே செலவு செய்ய வேண்டாம்.

கரிசல்காரி

காவிரிக்கரை அக்கா, மூணாவது மேசை அண்ணா, இரண்டு பேரின் பதிலையும் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ‘அந்த 96 உங்களுடையது இல்லை’ என்ற வரியை மகன் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறான். அவனுக்கு அவ்வளவு ஆனந்தம்.

இன்று காலை பழைய ஹோம்வொர்க்கிலிருந்து பத்து கணக்கை வெள்ளைத் தாளில் போட்டேன். மூன்று வந்தது. நான் அழவில்லை, ஆனால் தோசை ஒன்று கருகியது.

காவிரிக்கரை

மூன்றா? எனக்கும் அதே மூன்றுதான் வந்தது. தோசையைக் கவனியுங்கள்.

கரிசல்காரி

ஒன்பது வாரம் கழித்து வந்திருக்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வருகிறீர்களா தெரியவில்லை.

விலகவில்லை. இரண்டாவது டெஸ்ட் 68. அன்றைக்கு ராத்திரி டபிள்யூ படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த 68-ல் ஒரு கணக்குகூட வெறும் தாள் இல்லை. எஃப்(எக்ஸ் − 3) என்று அடைப்புக்குறிக்குள் மைனஸ் 3 வந்தால் வளைவரை வலப்பக்கம் நகரும் என்பதில்தான் பெரிய அடி. மைனஸ் என்றால் இடப்பக்கம்தானே என்று கை தானாகப் போகிறது. இப்போது எக்ஸுக்கு 3 போட்டுப் பார்க்கிறேன், உள்ளே 0 வருகிறது, பழைய 0 இப்போது 3-ல் நிற்கிறது, சரி, வலம். மூன்றாவது டெஸ்ட் 81.

ஆசிரியரிடம் வெறும் தாளோடு போனேன் அக்கா. முதல் நாள் கை நடுங்கியது. அவர் நிறுத்திய இடம் எது தெரியுமா? பின்னக் கழித்தல். மேலே இரண்டு உறுப்பு இருந்தால் அடைப்புக்குறி போடாமலேயே கழித்துக்கொண்டு போகிறேன். உங்கள் மைனஸின் தங்கச்சி. அவரிடம் ‘இன்ட்டு’ விஷயத்தையும் சொன்னேன். அரை நிமிடம் யோசித்துவிட்டு, தன் வகுப்பில் இன்னும் இரண்டு இந்திய மாணவர்கள் இருப்பதாகவும், அவர்கள் சொன்னது ஏன் தனக்குப் புரியாமல் போனது என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னார். அடுத்த வகுப்பில் பலகையின் ஓரத்தில் பெருக்கல் குறி போட்டு பக்கத்தில் ‘இன்ட்டு’ என்று எழுதி வைத்திருந்தார்.

ஊறுகாய் பாட்டில் நிறைந்து இரண்டாவது பாட்டில் வந்துவிட்டது. மகனும் அதிலிருந்து சீட்டு எடுக்கிறான். வீட்டுக்காரர் ஒருநாள் உப்புக் கணக்கை எடுத்தார். விடை வரவில்லை, போன் வந்துவிட்டது என்று எழுந்து போனார். போன் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான்காவது டெஸ்ட் நேற்று வந்தது, 84. ஹோம்வொர்க் 95-லேயே நிற்கிறது. ஃபைனல் அடுத்த செவ்வாய். அதில் 77 எடுத்தால் பி. காவிரிக்கரை அக்கா மாதிரியே நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை.

நேற்றைய தாளில் ஒரு லாக் கணக்கு. எக்ஸின் லாகும் எக்ஸ் − 2-இன் லாகும் கூட்டினால் 3, அடிமானம் 2. சேர்த்து, அடுக்காக மாற்றி, எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0 வரை வந்தேன். காரணிப்படுத்தினால் 4, அப்புறம் −2. அதே −2! முதல் டெஸ்டில் என்னைக் கவிழ்த்தவன். குறை எண்ணுக்கு லாக் கிடையாது என்று பக்கத்தில் எழுதி, அவன் தலையில் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.